காலியாக விட்ட மருந்துக் கட்டம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அப்பா நேற்றிலிருந்து யார் கையையும் பிடிக்காமல் குளியலறை வரை போய் வருகிறார், இப்போதைக்கு எங்களுக்கு அதுதான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தைக்குப் பல் முளைத்த படத்தை அப்பா கோழித் தீவன வண்டிக்காரர் வரைக்கும் காட்டிவிட்டார்.

போனில் நீ அழுததால் பாதியைச் சொல்லாமல் விட்டேன். இப்போது முழுவதும் எழுதுகிறேன், படித்து முடித்துவிட்டுத் திட்டு. அப்பாவுக்கு வந்தது வெறும் வயிற்றுப்போக்கு இல்லை, கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த முதல் மருந்து கேட்கவில்லை, இரண்டாவதும் கேட்கவில்லை, ஐந்தாம் நாள் மூன்றாவதை ஏற்றிய பிறகுதான் காய்ச்சல் இறங்கியது. டாக்டரம்மா பரிசோதனைத் தாளை விரித்து, அந்தக் கிருமி எந்தெந்த மருந்துக்குச் சாகவில்லை என்று விரல் வைத்துக் காட்டினார். ஏழு பெயர். எங்க அலமாரியில இருக்கிற கோழி மருந்து டப்பாவுல இந்தப் பேரெல்லாம் இல்லையே என்றேன். பேரு வேறம்மா, குடும்பம் ஒண்ணுதான் என்றார். உங்க கோழிகிட்டேருந்துதான் வந்துச்சுன்னு சொல்லமாட்டேன், வரலேன்னும் சொல்லமாட்டேன் என்றும் சொன்னார். எனக்கு அது போதவில்லை. நம் கோழிகளின் எச்சத்தைக் கால்நடைக் கல்லூரிக்கு எடுத்துப்போய்ச் சோதிக்கக் கொடுத்தேன். அதிலிருந்த கிருமியிடமும் அந்த ஏழில் ஐந்து பலிக்கவில்லை. பதினாறு வருஷமாக, குஞ்சு வந்து இறங்கிய முதல் மூன்று நாள், சீக்கு இருக்கிறதோ இல்லையோ, குஞ்சும் தீவனமும் தந்து வளர்க்கச் சொல்லும் கம்பெனி கொடுத்த மருந்துப் பொடியைத் தண்ணீரில் கலக்கியது இந்தக் கைதான். கொட்டகைக் கதவில் தொங்கும் அட்டையில் மருந்துக் கட்டத்தில் டிக் போட்டதும் இதே கைதான். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்டப்போவதில்லை.

அதனால் இந்தத் தடவை சின்னக் கொட்டகையில் அறுநூறு கோழிக்குப் பொடியை நிறுத்தினேன். கிராம்பிலிருந்தும் ஓமத்திலிருந்தும் எடுத்த எண்ணெயைக் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று கல்லூரிச் சோதனைக்கூடத்துப் பெண் சொல்லியிருந்தாள். நான் அவசரக்குடுக்கை, கடையில் எண்ணெயை வாங்கி நேரே மேல்தொட்டியில் ஊற்றிவிட்டேன். எண்ணெய் மிதந்தது. பகல் முழுக்கக் கோழிகள் வெறும் தண்ணீரைக் குடித்தன, சாயங்காலம் தொட்டி வற்றியதும் குழாயில் வந்தது அத்தனையும் எண்ணெய். அறுநூறும் தலையை உதறிக்கொண்டு மூலையில் போய் நின்றன. அப்பா படுக்கையிலிருந்தபடியே, கோழிக்குப் பல்வலியாடி என்று கேட்டார். அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னதும், ஐயோ அம்மா, தண்ணியில கலக்குற மாதிரி தயாரிச்சு விக்கிறாங்க, அதை அளந்து ஊத்துங்க என்று தலையில் அடித்துக்கொண்டாள். எண்ணெயை மட்டும் நம்பாதீங்க, குழாயைக் கழுவுங்க, தரையில் போட்ட உமியை மாத்துங்க, நெருக்கி அடைக்காதீங்க என்றாள். எல்லாம் செய்தேன், இடுப்பு ஒடிந்தது. நாற்பத்திரண்டாம் நாள் கணக்குப் பார்த்தபோது சின்னக் கொட்டகையில் அதுவரை செத்தது இருபத்துமூன்று. பொடி போட்ட பெரிய கொட்டகையில் அறுநூறுக்கு இருபது வீதம். மூன்று அதிகம்தான், எடையும் கொஞ்சம் குறைவு. மறைக்க ஒன்றுமில்லை. இந்த மூன்றுக்காகப் பழையபடி பொடியைக் கையில் எடுக்கமாட்டேன்.

கம்பெனி மேற்பார்வையாளரை உனக்குத் தெரியும், மருந்து டப்பாவோடே வருவதால் அப்பா டப்பாத் தம்பி என்று கூப்பிடுவாரே, அவர்தான். சின்னக் கொட்டகை அட்டையில் காலியாக இருந்த கட்டத்தைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், அம்மா, நீங்க கலக்குங்க, கலக்காம போங்க, எனக்கு டிக் வேணும், டிக் இல்லேன்னா திங்கட்கிழமை ரெண்டு கொட்டகைக்கும் குஞ்சு வராது என்றார். தம்பி, கிருமிக்கு அட்டை படிக்கத் தெரியாதே என்றேன். சிரித்தார், ஆனால் பேச்சை மாற்றவில்லை. நீயும் போனில், ஒரு டிக்குதானேம்மா, போட்டுட்டுப் போயேன் என்றாய். போடமாட்டேன். குஞ்சு வராவிட்டால் கொட்டகை காலியாகக் கிடக்கட்டும், டிக் கேட்காத ஆள் கிடைக்கும்வரை தேடுகிறேன், இந்த வயதில் எனக்கென்ன வெட்கம். புது அட்டையில் மருந்துக் கட்டத்துக்குக் கீழே, இந்தக் கொட்டகையில் சீக்கு வராமல் மருந்து கலக்குவதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கம்பெனிக்காரர் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்கிற உன் அப்பா பேனாவைக் கேட்டு வாங்கி, என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் போட்டார். கோணல்மாணலாக வந்திருக்கிறது. கை நடுங்குறது காய்ச்சல் விட்டுப்போன பலவீனத்தால, பயத்தால இல்லேன்னு அவளுக்கு எழுது என்றார், எழுதிவிட்டேன்.

குழந்தைக்குச் சளி என்றால் மிச்சம் கிடக்கிற மாத்திரையை எடுத்துக் கொடுக்காதே, டாக்டர் கொடுத்தாலும் இது அவசியமா என்று வாய் திறந்து கேள். கறி நறுக்கிய பலகையைக் கழுவாமல் அதில் காய் நறுக்காதே, உன் வழக்கம் எனக்குத் தெரியும். நீங்கள் மூவரும் நோய்நொடி அண்டாமல், யாருக்கும் தலைகுனியாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அட்டையைப் பற்றி மட்டும் பேசாதே.

என்றும் உன் நலமே நினைக்கும்,
அம்மா