ஈசானி மூலைக்குப் போன தண்ணீர்

அக்கா,

போன வாரம் வீட்டுப் பின்பக்கத்து காங்கிரீட் பாதையை உடைக்கச் சொன்னேன். மேஸ்திரி கடப்பாரையால் நெம்பி ஒரு பாளத்தைப் புரட்டியதும் அடியில் வெள்ளை வெளேரென்று, கரண்டுப் பெட்டியில் மாட்டும் பீங்கான் பீஸ் கட்டைகள் தெரிந்தன. விரிசல் விட்டவை, கோணிப்போனவை, சூளையில் கருகியவை. பீங்கான் கம்பெனியிலிருந்து நீங்கள் சாக்கில் கட்டித் தூக்கி வந்து கொட்டியவை. ஒன்றை எடுத்துக் கழுவினேன். ஓரத்தில் பிசிறு சீவிய கத்தித் தடம் இருந்தது. உங்கள் கையா, என் கையா என்று தெரியவில்லை. இருபது வருஷம் அந்தக் கம்பெனிக் கொட்டகையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே வேலையைத்தானே செய்தோம்.

எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். சொல்லச் சொல்ல எழுதித் தருகிறேன் என்றாள் பேத்தி. இது நானே எழுத வேண்டியது என்று சொல்லிவிட்டேன்.

நம் தெருவில் முதல் மாடி வீடு என் மகன் கட்டியது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உங்கள் வீடு பக்கத்திலேயே, ஓட்டு வீடு, மண் சுவர், எங்கள் மனையை விட ஒரு முழம் பள்ளம். நீங்கள் ஒருநாளும் அந்த மாடியை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டதில்லை. வீட்டைச் சுற்றிப் பாதை போடப் போகிறோம், அடியில் கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கச் சில்லு வேண்டும் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாள் வேலை விட்டு வரும்போதே தலையில் சாக்கு. "சூப்பர்வைசரக் கேட்டுட்டுதான் எடுத்தாந்தேன். நீ ஒண்ணும் பயப்படாத" என்றீர்கள். ஒன்பது நாள் அப்படி வந்தீர்கள்.

பாதை போட்ட அன்று நடந்தது உங்களுக்கும் மறந்திருக்காது. மேஸ்திரி நூல் கட்டிவிட்டு, தெருப்பக்கம் வாட்டம் கொடுக்கலாம், மழைத் தண்ணீர் நேராகச் சாக்கடையில் விழுந்துவிடும் என்றார். நான் உள்ளே போய் மனையடி சாஸ்திரப் புத்தகத்தை எடுத்து வந்தேன். பஸ் ஸ்டாண்டில் வாங்கியது. ஐந்தாம் வகுப்பு படித்தவள் இல்லையா, எல்லார் முன்னாலும் நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினேன். தண்ணீர் ஈசானி மூலையில்தான் வெளியேற வேண்டும், அப்போதுதான் குடும்பம் தழைக்கும் என்று அதில் போட்டிருந்தது. வடகிழக்கில் இருந்தது உங்கள் வீட்டுச் சுவர்.

"அந்தப் பக்கம் அந்தம்மா செவுரு இருக்குதேம்மா" என்று மேஸ்திரி இழுத்தார்.

நான் பதில் சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொன்னீர்கள்: "அவ படிச்சவ, சொல்றா, போடுப்பா. அவ வூட்டுப் புள்ளைங்க நல்லா இருக்கட்டும். தண்ணி வந்தா என் முருங்க குடிச்சிட்டுப் போவுது."

எல்லோரும் சிரித்தோம். அடுத்த மூன்று நாள் நான் நல்லூருக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டேன். காங்கிரீட்டின் மேல் சாக்கு விரித்து, வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்து அதை இறுகவைத்தது நீங்கள். அதனால்தானோ என்னவோ, போன வாரம் அதை உடைக்க ஆட்கள் ரொம்பப் பாடுபட்டார்கள்.

சுனாமிக்கு அடுத்த வருஷத்து ஐப்பசி மழை. மொட்டைமாடித் தண்ணீர், பாதைத் தண்ணீர் எல்லாம் அந்த மூலையில் சேர்ந்து உங்கள் சுவரடியில் குளமாக நின்றது. நீங்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தீர்கள். அன்றைக்கு மருமகள் வீட்டார் எங்கள் வீட்டில் இருந்தார்கள். வாசலுக்கு வெளியே நின்று மெதுவாகத்தான் கேட்டீர்கள். "ஒரு குழாயப் பொதச்சுத் தெருப்பக்கம் திருப்பி வுட்டுடேன். செவுரு ஊறுது."

சம்பந்தி அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் குறை இருக்கிறது என்று அவள் நினைத்துவிடக் கூடாதே என்றுதான் எனக்கு இருந்தது. "உங்களது மண்ணு செவுரு. ஊறத்தான் செய்யும். அதுக்கு நான் என்ன பண்றது?" என்றேன்.

"சரி, மழ வுடட்டும்" என்று போய்விட்டீர்கள். பிறகு மண்ணை அள்ளி வரப்பு மாதிரி கட்டினீர்கள். ஒவ்வொரு மழைக்கும் அது கரைந்தது, திரும்பவும் கட்டினீர்கள். மாடியிலிருந்து பார்ப்பேன். இறங்கி வந்து ஒரு கூடை மண் எடுத்துக் கொடுத்திருந்தால்கூடப் போதும். கம்பெனியில் வேறு இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன், உங்கள் முகத்துக்கு எதிரே இருக்க முடியாமல்.

மறுவருஷ மழையில் அந்தச் சுவர் விழுந்தது. பகல் நேரம், நீங்கள் வேலைக்குப் போயிருந்தீர்கள். யாருக்கும் அடியில்லை என்று தெருவே ஆறுதல் சொல்லிக்கொண்டது. உங்கள் மகள் வந்து சேத்தியாத்தோப்புக்குக் கூட்டிப் போனாள். மூட்டையோடு தெருமுனை திரும்பும்வரை நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். உங்களை உயிரோடு நான் பார்த்தது அதுதான் கடைசி.

இந்த மாசியில் நீங்கள் போய்விட்ட சேதி வந்தது. பஸ் பிடித்துப் போனேன். உங்கள் காலடியில் உட்கார்ந்தேன், அழுகை வரவில்லை. உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா உங்களப் பத்தி ஒரு குறையும் சொன்னதில்ல சித்தி. நம்ம ஊருலேருந்து யாரு வந்தாலும், அவ நல்லா இருக்கறாளான்னு மட்டும் கேக்கும்" என்றாள். திட்டியிருந்தீர்கள் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

திரும்பி வந்ததும் மகனிடம் பாதையை உடைக்க வேண்டும் என்றேன். "அவுங்க வூட்டுக்குதான் இப்ப செங்கல் செவுரு வச்சாச்சேம்மா. இனிமே எதுக்கு?" என்றான். அவனுக்கு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பிடிவாதமாக இருந்தேன். முதலில் சொன்ன அதே மேஸ்திரியைத்தான் வரச் சொன்னேன். தெருப்பக்கம் வாட்டம் வைத்து, சுவரோரம் சின்ன வாய்க்கால் எடுத்து, மாடித் தண்ணீருக்குத் தனிக் குழாய் இறக்கி முடித்தார்.

இன்று காலை நல்ல மழை. குடை பிடித்துக்கொண்டு மூலையில் போய் நின்றேன். தண்ணீர் திரும்பி, பாதையோடு ஓடி, தெருச் சாக்கடையில் விழுந்தது. உங்கள் வீட்டில் இப்போது வாடகைக்கு இருக்கும் பெண் ஜன்னல் வழியே பார்த்தாள். நம் கதை ஒன்றும் அவளுக்குத் தெரியாது. "உங்க வூட்டுத் தண்ணி ஒரு சொட்டு இந்தப் பக்கம் வரலைங்கம்மா. நல்ல மனசு உங்களுக்கு" என்றாள்.

அவளுக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். நீங்கள் சொல்லி நான் கேட்டிருக்க வேண்டிய சொல்லை அவள் வாயிலிருந்து வாங்கிக்கொண்டு, அக்கா, யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.