பாதியில் அணையும் கம்ப்யூட்டர்

4-5, ஞாயிறு
கத்திரி ஆரம்பம். திருவேற்காடே கொதிக்கிறது. தண்ணீர் லாரி வரவில்லை.

சாயங்காலம் கம்ப்யூட்டர் மறுபடி பட்டென்று அணைந்தது. இவரும் ஓசூரில் இருக்கும் கொழுந்தன் சுரேஷும் ஆன்லைன் சண்டை விளையாட்டில் ஒரே டீமில் ஆடும்போதுதான் அணையும். படம் பார்த்தால் ஒன்றும் ஆவதில்லை. திரும்பப் போட்டு உள்ளே போனால் ஸ்பீக்கரில் சுரேஷ் குரல்: "பாதியில எழுந்து போறது உனக்குப் புதுசா இன்னா?"

இவர் முகம் செத்துவிட்டது. மாமனார் திதியன்று, அம்மா (என் மாமியார்) யாரோடு இருப்பது என்று அண்ணன் தம்பிக்குள் சண்டை. இருவருக்குமே அம்மா வேண்டும். இவர் இலையை விட்டு எழுந்து வந்துவிட்டார். அம்மா ஓசூரில் சுரேஷோடு. அன்றிலிருந்து போன் கிடையாது. ஞாயிறு இந்த விளையாட்டில் மட்டும், "இடது பக்கம் வா", "குண்டு மிச்சம் கீதா?" இவ்வளவுதான் பேச்சு. இதுவும் போய்விட்டால்?

6-5, செவ்வாய்
துணி எடுக்கிற சாக்கில் மொட்டை மாடி. ஓரகத்தி தேவிக்குப் போன். (நாங்கள் இரண்டு பேரும் எப்போதும் பேசுவோம். அண்ணன் தம்பிக்குத் தெரியாது. தெரிந்தால்தான் என்ன!) கோபத்தில் போகவில்லை, மிஷின்தான் அணைகிறது என்றேன்.

அரை மணியில் பதில். "அக்கா, 'அப்ப கோவம் இல்லியா?'ன்னு மறுபடி மறுபடி கேட்டாரு எங்க வீட்டுக்காரரு. கேமுக்குன்னு கிராபிக்ஸ் கார்டு புதுசா போட்டீங்களே, எஸ்.எம்.பி.எஸ். மாத்தினீங்களான்னு கேக்கச் சொல்றாரு."

எஸ்.எம்.பி.எஸ். என்றால், கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியாம். மாற்றவில்லை. கேபினெட், அதாவது வெளிக்கூடு, வாங்கும்போது சும்மா வந்ததுதான் உள்ளே இருக்கிறது. சும்மா வந்ததை இவர் விடுவாரா?

7-5, புதன்
தேவி போனிலிருந்து மெசேஜ். எழுதியது சுரேஷ்தான், அப்படியே தெரிகிறது. "ஓசில வந்ததுல ஸ்டிக்கர்ல 500 வாட்டுன்னு போட்டிருப்பான். நம்பாதீங்க. ஆட்டம் சூடு பிடிச்சா கார்டு நிறைய இழுக்கும், அது தாங்காது. 650 வாங்குங்க. நல்ல கம்பெனி, கையில் தூக்கினா கனமா இருக்கணும். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க அண்ணி."

அண்ணி! கேட்டு எவ்வளவு நாளாகிறது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

8-5, வியாழன்
பூந்தமல்லி கடை. இவர் 450 போதும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். "650 போட்டா கரண்ட் பில்லு எகிறிடும்டி."
கடைக்காரர்: "இல்ல அண்ணாத்தே, எவ்ளோ வேணுமோ அவ்ளோதான் இழுக்கும்."
நம்பவில்லை. நான்தான், "பெரிய குக்கர் வெச்சிருக்கோம், தினமும் நெறைய அரிசியா போடுறோம்?" என்றேன். பர்ஸை எடுத்தார். 650.

ஷேர் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "உனக்கு எப்டிடி இதெல்லாம் தெரியும்?"
"யூடியூப்."
பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்ல, "சுரேஷைக் கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பான்." அவன்தான் சொன்னான் என்று சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

10-5, சனி
மாட்டியாயிற்று. ஒரு ஸ்க்ரூ மிச்சம். எதிலிருந்து என்று இருவருக்கும் தெரியவில்லை. பரவாயில்லையாம். பழைய பெட்டி கையில் காலி டப்பா மாதிரி இருந்தது.

பால் பாக்கி. தையல்காரரிடம் ரவிக்கை.

11-5, ஞாயிறு
நல்ல வெயில். ஐந்து மணிக்கு உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் அணையவில்லை. நான் கீரை ஆய்ந்துகொண்டே பக்கத்தில். திடீரென்று சுரேஷ், "அண்ணா, பின்னாடி பாரு, பின்னாடி!" என்றான். 'அண்ணா' என்றதும் இவர் பின்னால் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ஆட்டத்தில் செத்தும் போனார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அடுத்த ஆட்டம் பாதியில் மின்விசிறி நின்றது. தெருவுக்கே கரண்ட் இல்லை. "போச்சு. மறுபடி எழுந்து போயிட்டேன்னுதான் நெனைப்பான்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

போன் அடித்தது. சுரேஷ். இவர் வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு எடுத்தார்.

"இன்னாண்ணா, கரண்ட் போச்சா?"
"ஆமாண்டா."
"வர்ற வரைக்கும் பேசினு இரு. அம்மாகிட்ட குடுக்கவா?"

போனோடு மாடிக்குப் போய்விட்டார்.

கரண்ட் வந்து வெகுநேரம் ஆகிறது; மாடியில் பேச்சு நிற்கவில்லை. நான் இன்னும் சொல்லவில்லை.