உள்ளிருந்தே சாத்தும் கதவு

ஜூன் 3, செவ்வாய்

எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் போட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும்.

தெருமுனையில் மாடி மேல் மாடியாக எழுப்பிக்கொண்டிருக்கிற கான்ட்ராக்டர் உபயம். ஜன்னலுக்கு வெளிப்புறம் மரப் பலகைக்கதவு. கட்டடத் தூசு எங்கள் மேல் விழுகிறதல்லவா, அதற்கு ஈடாகத் தெருவுக்கே இலவசமாம்.

கதவு பெரிதில்லை, அதைச் சாத்துகிற விதம்தான் அதிசயம். சுவரில் துளை போட்டு ஒரு கம்பி. உள்பக்கம் ஒரு இரும்புக் கைப்பிடி. கண்ணாடியைத் திறக்காமல் உட்கார்ந்த இடத்திலிருந்து சுற்றினால், வெளியே இரண்டு பலகையும் மெல்ல நடந்து வந்து சேர்ந்துகொள்கின்றன. மாட்டிய தச்சர் சொன்னார்: “பாட்டி, உள்ள இருக்கிற பல்சக்கரம் அப்படி. நிறுத்தின இடத்துல நிக்கும். நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் அசையாது. சாத்துற கைகூட யார் கண்ணுக்கும் தெரியாது.”

படிப்பு ஐந்தாவதோடு நின்றுவிட்டாலும், எது நல்ல வேலை என்று பார்த்தால் எனக்குத் தெரியும். இது நல்ல வேலை.

ஜூன் 6

பேத்தி கைப்பிடியை விட மாட்டேன் என்கிறாள். மருமகள் அதட்டினாள். நான் அதட்டவில்லை. அவள் பள்ளிக்குப் போனதும் நானும் சுற்றிப் பார்த்தேன்.

ஜூன் 11, புதன்

எதிர்வீட்டுத் தையல்காரி வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். இலவசமாக வருவதைத் தள்ளுவாளோ என்று கேட்கவே போனேன். மெஷினை நிறுத்தாமலே பேசினாள்.

“அவர் போட்டுக் குடுக்கிற கதவை நான் எப்படிம்மா சாத்துவேன்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன மழைக்காலத்தில் அந்தக் கட்டடத்துக் காவலாளியை யாரோ கம்பியால் அடித்துப் போட்டார்கள். மனுஷன் பிழைக்கவில்லை. போலீஸ் வந்து கேட்டபோது தெரு முழுக்க, பார்க்கவில்லை என்றது. நான் பகல் தூக்கத்தில் இருந்தேன், அது சத்தியம். இவள் ஒருத்திதான், ஜன்னல் வெளிச்சத்தில் தைத்துக்கொண்டிருந்தேன், அடித்தது கான்ட்ராக்டர் மகன், கண்ணால் பார்த்தேன் என்றாள். வருகிற முப்பதாம் தேதி கோர்ட்டில் அதைச் சொல்ல வேண்டும். புருஷன் வெளிநாட்டில். வீட்டில் இவளும் இரண்டு பிள்ளைகளும்.

“பயமா இல்லையா உனக்கு?” என்றேன்.

“இருக்கு. அதுக்காகப் பார்த்ததைப் பார்க்கலைன்னு எப்படிச் சொல்றது?”

திரும்பி வந்து கைப்பிடியைப் பார்த்தேன். தூசுக்காகத்தானே? தூசு போன வருஷமும் விழுந்ததே.

ஜூன் 19

தெரு முழுவதும் போட்டாகிவிட்டது, எதிர்வீடு தவிர.

ஜூன் 26, வியாழன்

மகன் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகச் சொன்னான்: “சனிக்கிழமை சாயங்காலம் கொசுப்புகை அடிக்கிறாங்களாம். கான்ட்ராக்டர் ஏற்பாடு. நாலு மணிக்கு எல்லாரும் பலகையைச் சாத்திடணுமாம். இருட்டுற வரைக்கும் யாரும் வெளிய வர வேண்டாமாம்.”

“எதிர்வீட்டுக்குப் பலகை இல்லையே. அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா?”

அவன் செருப்பைக் கழற்றினான். ஒரு செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரமா?

“அம்மா, எல்லாரும் சாத்துறாங்க, நாமளும் சாத்துவோம். அவ்வளவுதான்.”

காய்ந்த துணி எடுக்கிற சாக்கில் மொட்டைமாடிக்குப் போய், எதிர்மாடியில் நின்ற தையல்காரியிடம் கேட்டேன். “சனிக்கிழமை புகை அடிக்கிறாங்களாமே?”

“புகையா? எனக்கு யாரும் சொல்லலையேம்மா.”

பிள்ளைகளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு நீயும் வந்துவிடு என்றேன். பிள்ளைகளை அனுப்புகிறேன் என்றாள். தான் வரமாட்டாளாம். சனிக்கிழமை வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினால் திங்கட்கிழமை கூண்டில் ஏறக் கால் வராதாம்.

ஜூன் 28, சனி

எழுதிவிட வேண்டும்.

மூன்றரைக்கே தொடங்கிவிட்டது. கரக், கரக் என்று முதலில் மூலைவீடு, அப்புறம் பக்கத்து வீடு. ஒரு முகம் தெரியவில்லை, ஒரு கை தெரியவில்லை. தெரு தானாகக் கண்ணை மூடிக்கொண்டு வருகிறது.

நான் அதற்கு முன்பே திருகாணியைக் கழற்றிக் கைப்பிடியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தேன்.

“அம்மா, அதைக் குடுங்க.”

“எடுத்துக்கோ பார்க்கலாம். பெத்தவ இடுப்புல கை வைக்கிற அளவுக்கு வளர்ந்துட்டியா?”

கண்ணாடியைத் திறந்து பலகையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். அசைந்தால்தானே! மருமகள் என் காலடியில் உட்கார்ந்து, “அத்தை, எங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்கு அத்தை” என்று அழுதாள். அந்தப் பெண் உள்ளறையில் தையல்காரியின் பிள்ளைகளோடு சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

நாலு பேர் வந்தார்கள். வெறுங்கை இல்லை. ஆனால் புகை மெஷின் இல்லை. எதிர்வீட்டுக் கதவை நெருங்கும்போது ஒருத்தன் அண்ணாந்து பார்த்தான். நான் மாடி அறை நாற்காலியில், ஜன்னலை அடைத்துக்கொண்டு.

“புகை மெஷின் எங்கே தம்பி?”

“பாட்டி, உள்ள போங்க. கண்ணு எரியும்.”

“எரிஞ்சா எரியட்டும். எனக்கு உள்ள ஒரு வேலையும் இல்லை. நீங்க உங்க வேலையைப் பாருங்க, நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்.”

ஒருத்தன் போனை எடுத்துத் தள்ளிப்போய்ப் பேசினான். மற்றவர்கள் சுவரில் சாய்ந்து பீடி பிடித்தார்கள். எதிர்வீட்டுக்குள் தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. என்ன தைத்தாளோ, துணி இருந்ததோ இல்லையோ. தெருவிளக்கு எரிந்ததும் போய்விட்டார்கள். போகும்போது ஒருத்தன் எங்கள் வீட்டு வாசல் எண்ணைப் படித்துவிட்டுப் போனான்.

எழுந்திருக்க முடியவில்லை. மகன்தான் கைத்தாங்கலாகத் தூக்கினான்.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் கான்ட்ராக்டரே வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். அவ்வளவு மரியாதை.

“அம்மாவுக்கு வேடிக்கை பார்க்கப் பிடிக்கும் போல. நல்லதுதான். ஆனா இந்த வயசுல கண்ணை நம்ப முடியாது பாருங்க. ஒண்ணு இருக்க ஒண்ணு தெரியும்.”

“ஊசியில நூல் நானே கோக்கிறேன்” என்றேன்.

சிரித்தார். பேத்தி எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். மருமகள் சொல்லவில்லை. அவரே சொன்னார், வகுப்போடு.

ஜூன் 30, திங்கள்

பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. தையல்காரி பிள்ளைகளை விடியும் முன்னே கொண்டுவந்து விட்டாள். பஸ்ஸுக்கு நிற்கப் போனவளைப் பார்த்து என் மகன் வண்டியை வெளியே எடுத்தான்.

“எங்கேடா?” என்றேன்.

“கோர்ட் பக்கம் ஒரு வேலை இருக்கு.”

அவனுக்குக் கோர்ட் பக்கம் ஒரு வேலையும் கிடையாது. என் வயிற்றில் பிறந்தவன்.

இரவு. இரண்டு பேரும் திரும்பிவிட்டார்கள். அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை நடந்ததையும் சொன்னாளாம். அதைப் பார்த்தவர் யார் என்று ஜட்ஜ் கேட்டாராம். எதிர்வீட்டு அம்மா என்றாளாம். ஒன்பதாம் தேதி என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூலை 4, வெள்ளி

கோர்ட்டுக்குக் கசங்கின ரவிக்கையோடு போகிற ஆள் நான் இல்லை. புதிதாக ஒன்று தைக்கச் சொன்னேன். தையல்காரி டேப்போடு வந்தாள்.

மருமகள் பேத்தியோடு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டதால் வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. தெருவிலும் சத்தமில்லை. யாரும் சொல்லாமலே பகலிலும் பலகையைச் சாத்தி வைக்கிறார்கள். கீழே ஒரு கார், அவள் வந்ததிலிருந்து எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது.

“கை கொஞ்சம் லூசா வைக்கட்டுமா?”

“சரியா வை. எடுப்பா இருக்கணும்.”

“அப்ப அசையாம நில்லுங்கம்மா, அளவு தப்புது” என்றாள்.

குனிந்து பார்த்தேன். நான் அசையவில்லை. டேப்பைப் பிடித்திருந்த அவள் கைதான் ஆடிக்கொண்டிருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. சரி என்று சொல்லி, இன்னும் நிமிர்ந்து நின்றேன்.