இரண்டு அடி இறங்க இருபத்து நான்கு அடி

என் அக்கா, என் செல்ல ராட்சசியே,

சரிவுப் பாதையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். நீ கேட்ட மாதிரியே, வாசலிலிருந்து சுற்றுச்சுவர் ஓரமாக கேட் வரைக்கும். யாரிடம் போய்ச் சொல்வேன், உன்னைத் தவிர?

விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியிலேயே இந்த மந்தைவெளி வீட்டில் கணக்கு டியூஷன் எடுத்தாய். உனக்கு இருந்தது ஒரே ஆசைதான். யாரும் பிடிக்காமல், தனியாக, கேட் வரைக்கும் போக வேண்டும்.

குடியிருப்போர் சங்கம் சம்மதித்த அன்றே கணக்குப் போட்டாய். வாசல், தரையைவிட இரண்டு அடி உயரம். ஓர் அடி இறங்கப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். வாசலிலிருந்து தூரம் x, தரையிலிருந்து உயரம் y. சாய்வும் வெட்டுத்துண்டும் தெரிகிற மாதிரி y = −x/12 + 2 என்று எழுதிச் செயலாளரிடம் நீட்டினாய்.

புரியவில்லை என்றார். பின்னமே வேண்டாம் என்று x + 12y = 24 ஆக்கினாய். அதற்கும் விழித்தார். x/24 + y/2 = 1 என்று மாற்றி, மேலே இரண்டடி, கீழே இருபத்து நாலடி, இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தால் போதும் என்றாய். எப்படி எழுதினாலும் கோடு அதேதானே, அக்கா?

"கணக்கெல்லாம் சரி டீச்சர். ஸ்கூட்டர எங்க நிறுத்தறது?" என்றார்.

ஆறடியில் முடித்துவிட்டார்கள். மூன்றடிக்கு ஓர் அடி இறக்கம். "இன்னாக்கா, சறுக்குமரம் மாதிரி கீது" என்று கட்டிய மேஸ்திரியே என்னிடம் சொன்னார். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்தால்தான் நாற்காலி இறங்கும். ஒரு தடவை அப்படி இறங்கினாய், பிறகு மாட்டேன் என்றுவிட்டாய். பட்டினப்பாக்கம் கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நீ அதைப் பார்க்காமலே போய்விட்டாய். எனக்கு இன்னும் மனது ஆறவில்லை.

உன்னை எடுத்த அன்று, படியில் பாடை திரும்பாது என்று அந்தச் சரிவு வழியாகத்தான் கொண்டுபோனார்கள். முன்னால் தோள் கொடுத்தவர் அதே செயலாளர். பாதியில் கால் வழுக்கி மண்டியிட்டுவிட்டார். மற்றவர்கள் தாங்கிப் பிடித்ததால் நீ விழவில்லை. பெண்கள் சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்ற வழக்கப்படி நான் கேட்டோடு நின்றுவிட்டேன்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "டீச்சர் கேட்ட நீளம் எவ்ளோம்மா?" என்றார். இருபத்து நாலு என்றேன்.

நேற்று சிமெண்ட் காய்ந்ததும் உன் நாற்காலியில் நானே உட்கார்ந்து இறங்கினேன். யாரும் பிடிக்கவில்லை. கேட் கம்பியைத் தொட்டதும் அழுகை வந்துவிட்டது. உனக்கு ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது இது?

இன்று காலை அதன்மேல் ஒரு ஸ்கூட்டர் நின்றது. அதன் ஹாரனையே அடித்து ஊரைக் கூட்டினேன். இனி நான் இருக்கும்வரை உன் கோட்டின்மேல் எந்த வண்டியும் நிற்காது, அக்கா. இது சத்தியம்.

கேட்டருகே நின்றபடி,
உன் தங்கை வேணி