சர்க்கரை இல்லாத ஓட்டம்

பிப். 9, திங்கள்

காலையில் நல்ல பனி. எதிரே வரும் லாரிகூடத் தெரியவில்லை. ஏ ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட் வழக்கம்போல இசக்கி. பெயின்ட் ஷாப், தென்காசிப் பக்கம், வந்து சில மாதம்தான். ஈரத்துண்டு சுற்றிய டிபன் டப்பாவை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குகிறாள். என் பேன்ட் பாதி நனைந்துவிட்டது. அப்படி என்ன தயிர்சாதமோ, கெட்டுப்போவதற்கு.

வாங்க: சாக்ஸ், சோப்பு, ஊசி முனை, ஆரஞ்சு மிட்டாய்.

திரும்பும்போது படப்பைக்கு முன்னாலேயே இறங்கி அறை வரை ஓட்டம். லாரிப் புழுதி மூக்கு நிறைய. ஷேர் ஆட்டோக்காரர் கூடவே மெதுவாக வந்தார். "இன்னாமா, பஸ்ஸ வுட்டுட்டியா? ஏறு."

"இல்லண்ணே, சும்மா ஓடுதேன்."

ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

மாரத்தான் என்று பெயர், ஓடப்போவது அதில் பாதி. வருகிற ஞாயிறு, கம்பெனி நடத்துகிறது. சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்காக. ஓடி முடிக்கும் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு பிள்ளைக்கு ஒரு வருட இன்சுலின். பாதியில் நின்றால் கிடையாது. நோட்டீஸ் போர்டில் படித்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எனக்கு அந்த நோய் வந்தபோது ஆறாம் வகுப்பு. அப்பா மருந்துக்காகக் கோவில்பட்டிக்கும் மதுரைக்கும் அலைந்த அலைச்சல் நினைவில் இருக்கிறது. அந்தப் பிள்ளை யாரோ. எனக்கு ரொம்பத் தெரிந்த பிள்ளை மாதிரி இருக்கிறது.

கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால், மயங்கி விழுவாள் என்று பிரஸ் மெஷினில் நிற்க விடமாட்டார்கள். ஏப்ரலில் பெர்மனென்ட் லிஸ்ட் வேறு. மருந்து கீழ்வீட்டில், வீட்டுக்கார கஸ்தூரி அக்காவின் ஃபிரிஜ்ஜில், மீன் குழம்புக்குப் பக்கத்தில். அலர்ஜி மருந்து என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பிப். 11, புதன்

வெயில் ஆரம்பித்துவிட்டது. கேன்டீனில் ஓடுகிறவர்களுக்கு மீட்டிங். ஹெச்.ஆர். மேடம் மைக்கில்: "இது சுகர் அவேர்னஸ் ரன். ரூட்ல எங்கயும் சர்க்கரை இருக்கக் கூடாது. குளுக்கோஸ் கேன்சல். லெமன் ஜூஸ்ல உப்பு மட்டும். பிஸ்கட்கூட சுகர்ஃப்ரீ."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மடச்சி.

இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் ஓடினால் ரத்தத்தில் சர்க்கரை கீழே இறங்கும். இறங்கிவிட்டால் சர்க்கரைதான் மருந்து. கை தூக்கி இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார்களே. கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். சாயந்திரம் வரை என்மேலேயே எரிச்சல். ரெண்டு பீஸ் ரிஜெக்ட் வேறு.

லைன் சூப்பர்வைசர் தனசேகர் சார் போகிற போக்கில்: "இன்னா முத்துச்செல்வி, இவ்ளோ ஒல்லியா கீற, முடிப்பியா? லைன் மானத்த வாங்கிடாத."

"முடிச்சிருவேன் சார்."

பிப். 13, வெள்ளி

தூக்கம் சரியில்லை. கஸ்தூரி அக்கா கோலம் போட்டுக்கொண்டே: "இன்னா பொண்ணு, விடியறதுக்கு முன்ன மாடில நடந்துகினே கீற? வூட்ல எதுனா பிரச்னையா?"

"ஒண்ணுமில்லக்கா."

இவரிடமாவது சொல்லலாமா? விழுந்தால் வாயில் சர்க்கரை போட ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அக்கா நல்லவர், 'பாவம் பாவம்' என்றே தெரு முழுக்கச் சொல்லிவிடுவார். வேண்டாம். மிட்டாய் இருக்கிறது.

அம்மா போன். "ஏட்டி, விழுந்து கிழுந்தா அங்க ஒன்ன யாரு பாப்பா?" சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சாக்ஸ் ஒரு சைஸ் பெரிது.

பிப். 15, ஞாயிறு

பனி இல்லை. புழுக்கம். தூங்குவதற்கு முன் எழுதிவிட வேண்டும்.

ஓட்டம் தொடங்கியது கம்பெனிக்கு உள்ளே. கேட்டில் தினமும் நடக்கிற சோதனை. "திங்கிற சாமான் உள்ள அலவுட் இல்லம்மா, தெரியும்ல" என்று செக்யூரிட்டி அண்ணன் மிட்டாயை எடுத்து போனோடு டிரேயில் போட்டார். லைனுக்குப் போகும்போது பையில் ஒரு குண்டூசிகூட இருக்கக் கூடாது, அந்தப் பழக்கம். ஓடப்போவது வெளி ரோட்டில் என்று அவருக்கும் தோன்றவில்லை. நானும் தினம் போல டோக்கனை வாங்கிக்கொண்டு நடந்தேன். நினைவு வந்தபோது விசில் ஊதிவிட்டார்கள்.

பாதி தூரம் சுகமாகத்தான் போனது. பிறகு வேர்வை சில்லென்று. உதடு மரத்துப்போனது. தண்ணீர் மேசையில் உப்பு ஜூஸ், சுகர்ஃப்ரீ பிஸ்கட். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டேன். மேசைப் பெண் சிரித்தாள். "அக்கா, காமெடி பண்ணாதீங்க."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை. எப்படிக் கடந்தேன் தெரியவில்லை. ஓடுகிறவர்களுக்குப் பின்னாலேயே பைக்கில் வந்துகொண்டிருந்த தனசேகர் சார், "ரூட்ட வுட்டுட்டு எங்க போற?" என்று கத்துவது கேட்டது. டீ மாஸ்டரின் டப்பாவில் கை விட்டு சர்க்கரையை அள்ளி வாயில் போட்டேன். முதுகில் 'சர்க்கரையை வெல்வோம்' டி-ஷர்ட். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை.

"இன்னாமா இது?"

"எனக்கு சுகர் சார். பதினோரு வயசுல இருந்து. ஊசி போடுதேன்."

எல்லோர் முன்னாலும். இரைந்தே சொல்லியிருக்கிறேன் போல. டீ மாஸ்டர் டம்ளரோடு திரும்பிப் பார்த்தார்.

டீ வாங்கிக் கொடுத்தார், சர்க்கரை தூக்கலாக. அப்புறம், "அன்னிக்கு மீட்டிங்ல கை தட்டுனியே" என்றார்.

"சொன்னா பிரஸ்ல நிக்க விடுவியளா சார்?"

அவர் டீக்குக் காசு கொடுக்கத் திரும்பினார்.

நடுக்கம் அடங்கியதும் எழுந்தேன். "போதும், வண்டில ஏறு" என்றார் சார்.

"ஏறுனா ஒரு பிள்ளைக்கு மருந்து போயிரும் சார்."

கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம். சார் பக்கத்திலேயே பைக்கை உருட்டியபடி வந்தார். ஹேண்டில்பாரில் சர்க்கரைப் பொட்டலம். கடைசி ஆளாக முடித்தேன், பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெயர் எழுதிக்கொண்டார்கள். அழுகை வந்தது. சந்தோஷம் பாதி, ஏப்ரல் பாதி.

பிப். 16, திங்கள்

கால் வலி. மறுபடி பனி.

தனசேகர் சார் என் முகத்தைப் பார்க்காமலே: "ஹெச்.ஆருக்கு சொல்லிட்டேன்மா. மெஷின் மேட்டர், சொல்லித்தான் ஆவணும்." டாக்டர் பார்க்கும் வரை பேக்கிங். ஏப்ரல் லிஸ்ட் பற்றிக் கேட்டேன். தெரியாதாம். கோபப்பட முயன்றேன், முழுதாக வரவில்லை. கேன்டீனில் என் தட்டில் மட்டும் கேசரி வைக்கவில்லை. அதற்குத்தான் நன்றாகக் கோபம் வந்தது.

திரும்பும் பஸ்ஸில் இசக்கி தூங்கவில்லை. ஒரகடம் தாண்டும் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடியில் இருந்த டப்பாவின் ஈரத்துண்டைப் பிரித்து, மூடியைக் கொஞ்சமாகத் திறந்து காட்டினாள். என்னுடையது மாதிரியே மருந்துக் குப்பி.

"யக்கா, நீங்க இத எங்க வைக்கிறீய? எங்க ஹாஸ்டல்ல ஃபிரிஜ் இல்ல."

கஸ்தூரி அக்காவிடம் இன்றே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மீன் குழம்பைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்ல வேண்டும்.