விசாரணை ஜன்னலில் என் முகம்

மார்ச் 4, புதன்

மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். பேருந்து நிலைய விசாரணை ஜன்னலுக்கு அடுத்த மாதத்திலிருந்து வேறொரு பெண்ணாம். எனக்கு உள்ளே, தொலைந்த பொருள் அறை. "முன்னாடி உக்கார்றவங்க கொஞ்சம் பளிச்சுனு இருக்கணும்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். இருபத்து மூன்று வருடம்! எந்த வண்டி எந்த நடைமேடை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மாற்றல் தாளில் கையெழுத்துப் போட முப்பத்தொன்றாம் தேதி வரை நேரம்.

மார்ச் 6, வெள்ளி

டெர்மா ரோலர் வாங்கிவிட்டேன். ரேசர் மாதிரி ஒரு கைப்பிடி, முனையில் சின்ன உருளை, உருளை முழுக்க மயிரிழை ஊசிகள். முகத்தில் உருட்டினால் தோல் தன்னையே புதுப்பித்துக்கொள்ளுமாம். ஐம்பத்தொரு வயதில் இது தேவையா என்றால் — தேவைதான். யாரைக் கேட்க வேண்டும்?

மார்ச் 8, ஞாயிறு

ஸ்பிரிட்டில் ரோலரை ஊறவைத்தேன். முகம் கழுவினேன். அழுத்தக் கூடாது என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மேலாளரின் மூஞ்சி நினைவுக்கு வந்தது. அழுத்திவிட்டேன். அது போதாதென்று வைட்டமின் சி சீரத்தை வேறு அள்ளிப் பூசினேன். ஐயோ, எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல்.

மார்ச் 9, திங்கள்

கன்னம் வீங்கிவிட்டது. கண்ணுக்குக் கீழே ரத்தம் கட்டி நீலம். "லீவு போட்டுடேன்" என்றார் இவர். போடுவேனா? அந்த ஆளுக்குக் கொண்டாட்டமாகிவிடும். போய் உட்கார்ந்தேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

மார்ச் 10, செவ்வாய்

நடைமேடை எண் கேட்ட ஒரு பெண், போகும்போது கண்ணாடிக்கு அடியில் மடித்த சீட்டு ஒன்றைத் தள்ளினாள். "தனியா இருக்கறப்ப பாருங்கக்கா." உள்ளே ஒரு பெண்கள் உதவி மையத்தின் தொலைபேசி எண். 'அடி வாங்கிக்கொண்டு இருக்காதீர்கள். எந்த நேரமும் கூப்பிடலாம்.'

என் வீட்டுக்காரரா! நூலகத்தில் வேலை பார்க்கிறவர். பூனையை இடறினால் பூனையிடம் மன்னிப்புக் கேட்கிற மனிதர். விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே அவரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "கீழ் வீட்டம்மா நேத்துலேர்ந்து என்னை மொறைக்கிறாங்க. இப்பத்தான் புரியுது."

மார்ச் 11, புதன்

தோல் டாக்டர் வெளுத்து வாங்கிவிட்டார். "ஊசிய வச்சு யாரையோ பழிவாங்கியிருக்கீங்க. உங்க முகம் என்னம்மா பண்ணுச்சு?" உருட்டின நாளிலிருந்து நான்கு வாரம் ரோலரைத் தொடக் கூடாது. ஊசி பட்ட தோலில் அந்த சீரம் கூடவே கூடாது. தூக்கிப் போட்டுவிடுகிறீர்களா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். "அப்ப ஒழுங்கா பண்ணக் கத்துக்கோங்க."

மார்ச் 14, சனி

கீழ் வீட்டம்மாவிடம் ரோலரையே கொண்டுபோய்க் காட்டினேன். "எல்லாரும் இப்படி ஏதாவது ஒண்ணு சொல்லத்தான் செய்வாங்க" என்று என் கையைத் தடவிக்கொடுத்தார்.

மார்ச் 17, செவ்வாய்

கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

என் முகம் தெளிந்துவிட்டது. இன்று ஒரு பெண் வந்தாள். கையில் ஒரே ஒரு பை. எந்த ஊர் என்றேன். "எது மொதல்ல கெளம்புதோ அது." முகத்தை மூடியிருந்த துணி விலகியது. கன்னத்தில் நான்கு விரல்.

மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து டிராயரில் போட்டிருந்த அந்தச் சீட்டை எடுத்துத் தள்ளினேன். படித்துவிட்டு நிமிர்ந்தாள். "ரெண்டு வாரம் முன்னாடி இங்க வந்துட்டு திரும்பிப் போயிட்டேங்க. அப்ப உங்க முகத்தப் பாத்தேன். அப்படியும் வந்து உக்காந்திருந்தீங்க. அதான், உங்ககிட்ட கேக்கலாம்னு..."

என்ன சொல்வேன்? ரோலர் என்றா? நான்காம் நடைமேடை, ஐந்து நிமிடத்தில் வண்டி என்றேன். வண்டி கிளம்புகிறவரை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து, உங்கள் பேரைக் கெடுத்துவிட்டேன் என்று இவரிடம் அழுதேன். "கெடட்டும் விடு" என்றார்.

மார்ச் 31, செவ்வாய்

மேலாளர் தாளோடு வந்தார். "தொலைஞ்ச பொருள் ரூமுக்கு வேற ஆள் பாருங்க சார். நான் இந்த ஜன்னல விட்டு எழுந்திரிக்கறதா இல்ல."

"மேலிடத்துக்கு எழுத வேண்டியிருக்கும்."

"தாராளமா எழுதுங்க. காரணம்னு இருக்கற எடத்துல 'முகம்'னு போடுங்க. எனக்கும் ஒரு நகல் வேணும்."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

நான்கு வாரம் முடிந்தது. ஸ்பிரிட், சுத்தமான துண்டு, லேசான கை. அழுத்தவில்லை. கண்ணோரச் சுருக்கம் அப்படியேதான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்த முறையும் உருட்டுவேன்.

பக்கத்து நாற்காலியில் இவர் குனிந்து, சீட்டிலிருந்த அந்த எண்ணை நான் மனப்பாடமாகச் சொன்னபடியே எழுதிக்கொண்டிருந்தார், நூலக அட்டைக்கு எழுதுகிற அதே குண்டு எழுத்தில். இருபது சீட்டு. நாளை காலை ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்ததும் டிராயரில் வைக்க வேண்டும்.