வாடைக்காற்று விதி எந்தப் பக்கத்தில், அண்ணே?

எங்க வீட்டு ராசா, என் அண்ணன் சிங்காரவேலுக்கு,

உனக்குப் பிரெஞ்சு தெரியாதாமே?

நேத்து சாயங்காலத்துலேர்ந்து இதையே கேட்டுக்கிட்டு இருக்கேன். யார்கிட்ட கேட்கறதுன்னு தெரியாம இப்ப உன்கிட்டயே கேட்கிறேன். நீ போயி இருபத்தெட்டு நாள் ஆச்சு. முப்பத்து நாலு வயசுல, காலைப் பத்தரை மணிக்கு, ஆபீஸ் நாற்காலியில உட்கார்ந்தபடியே பியூன்கிட்ட ஒரு டம்ளர் தண்ணி கேட்டியாம். அவர் கொண்டாந்து வைக்கிறதுக்குள்ள மேஜையில தலை சாஞ்சுட்டியாம். அந்த அதிர்ச்சியே எனக்கு இன்னும் இறங்கலை. குழம்பு கொதிக்கிறதைப் பார்த்துக்கிட்டே மரமா நிக்கிறேன், அடி பிடிச்ச வாசனை வந்தப்புறம்தான் சுரணை வருது. அதுக்குள்ள இன்னொண்ணு. இப்படி அடுத்தடுத்துப் போட்டா நான் எப்படித் தாங்குவேன்?

நாளைக்கு இந்தக் கடுதாசி யார் கையிலயாவது கிடைச்சா, படிக்கிறவங்களுக்கு நம்ம ஆட்டம் என்னன்னே தெரியாது. காரைக்கால்ல நம்ம பொறந்த ஊரு தலத்தெருவுலயே எவருக்கும் தெரியாது. அவங்களுக்காக நாலு வார்த்தை சொல்லிடறேன், பொறுத்துக்க.

ஏழு வருஷத்துக்கு முன்னாடி பாரீஸ் சித்தப்பா லீவுல வந்தப்ப எனக்கு சென்ட்டு பாட்டில், உனக்கு ஒரு அட்டைப்பெட்டி. உள்ள ஒரு புஸ்தகமும் அஞ்சாறு பகடையும். நம்ம தாயக்கட்டை மாதிரி இல்லை, எட்டு முகம், பன்னிரண்டு முகம், இருபது முகம்னு உருண்டை உருண்டையா. கட்டம் கிடையாது, காய் கிடையாது. ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கணும். புஸ்தகத்தைப் பிடிக்கிறவர் கதையைச் சொல்லுவார், இதோ காடு, இதோ கோட்டை, இப்ப என்ன செய்யறீங்கன்னு கேட்பார். நாம செய்யறதைச் சொல்லிப் பகடையை உருட்டணும். நடக்குமா நடக்காதாங்கறதை விதி சொல்லும்.

விதியெல்லாம் பிரெஞ்சுல இருந்துச்சு. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவர், நீ சின்ன வயசுல பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போனவன், பிரான்சுலேர்ந்து எந்தப் பேப்பர் வந்தாலும் வாங்கிட்டுப் போயி முடிச்சுக் கொண்டாந்து அம்மாகிட்ட குடுக்கிறவன். வேற யார் புஸ்தகத்தைப் பிடிக்கிறது? நீ பிடிச்சே. நாங்க மூணு பேர் இந்தப் பக்கம். நான் மருத்துவச்சி. நம்ம அத்தை மவன் கலியபெருமாள் வாள்வீரன், ஆட்டம் ஆரம்பிச்ச மூணாவது வருஷம் எனக்கே மாலை போட்டு என்னைக் கோவில்பத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போன மகராசன். உன்னோட ஆபீஸ்ல வேலை பார்க்கிற நஜீர் கப்பல்காரன். ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவினா விளக்கு வைக்கிற வரைக்கும் ஆட்டம்தான். கல்யாணத்துக்கு அப்புறமும் நானும் அவரும் சைக்கிள்ல ஒரு வாரம் தவறாம வந்துடுவோம்.

நீ புஸ்தகத்தைத் தூக்கிப் பிடிச்சு, பக்கத்தைப் புரட்டி, மூக்கால ரெண்டு வார்த்தை முணுமுணுத்துட்டு, தமிழ்ல விதியைச் சொல்லுவே. வாடைக்காத்து அடிச்சா படகு விடறவனுக்குப் பகடையில ரெண்டு குறைச்சல். வாய்க்கால்ல முறை வெச்சுத் தண்ணி திறந்து விடற நாள்லதான் படகு மிதந்து அக்கரைக்குப் போக முடியும். எல்லாத்தையும் விட எனக்கு உசிரான விதி, அடிபட அடிபடக் குறையற உயிர்ப்புள்ளி தீர்ந்து ஒருத்தன் விழுந்துட்டா, கூட இருக்கிறவங்க ஆளுக்கொரு பலத்தை விட்டுக் கொடுத்தா எழுந்துடலாம். எத்தனை தடவை உன் மச்சானை அப்படித் தூக்கி நிறுத்தியிருக்கேன். மனுஷன் கண்ணை மூடிக்கிட்டுப் பாயறதே அந்தத் தைரியத்துலதான்.

வெள்ளைக்காரனுக்கு நம்ம வாடைக்காத்து எப்படித் தெரியும்னு நஜீர் ஒரு தடவை கேட்டார். நீ வாயைத் திறக்கறதுக்குள்ள உன் மச்சான் பதில் சொல்லிட்டார். எத்தனை தலைமுறை காரைக்கால்ல குடியிருந்தான், காத்து தெரியாமயா கப்பல் விட்டான், எழுதி வெச்சிருப்பான்னார். அடடா, அதானேன்னு நாங்க தலையை ஆட்டினோம். நீயும் ஆட்டினே. நாகப்பட்டினத்துல இதைச் சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாங்க. பிரெஞ்சுக்காரன் ஆண்ட நம்ம ஊர்ல எல்லாருக்கும் சரியாப் பட்டுச்சு.

இந்தத் தை மாசம் நஜீரோட அண்ணன், அவங்க வீட்டுல நானான்னு சொல்லுவாங்க, சிங்கப்பூர்லேர்ந்து அதே ஆட்டத்தோட புதுப் பதிப்பை அனுப்பினார். இங்கிலீஷ்ல. எங்க மூணு பேருக்கும் எழுத்துக்கூட்டியாவது படிக்க வரும். படிச்சுப் பார்த்தா தூக்கிவாரிப் போட்டுச்சு. காத்தும் இல்லை, வாய்க்காலும் இல்லை. உயிர்ப்புள்ளி தீர்ந்தா ஆள் செத்தான், புதுசா ஒரு ஆளை எழுதிக்கன்னு ஒரே வரியில போட்டிருந்தான். நல்லா இருந்த ஆட்டத்தைப் பாழாக்கிட்டானுங்க, நாம பழசுலயே இருப்போம்னு மூணு பேரும் சொல்லிட்டோம்.

நீ ஒருத்தன்தான் மாறலாம்னே.

"மாத்திக்கலாம் சரோஜா. இதை யார் வேணும்னாலும் படிக்கலாம். புஸ்தகத்தை நீ பிடி. ஒரு தடவையாவது நான் உங்க பக்கம் உட்கார்ந்து ஆடறேன்."

நான் அன்னிக்கு சாமி வந்த மாதிரி ஆடினேன். உனக்கு அலுத்துப் போச்சுன்னா நேரா சொல்லு, சிங்கப்பூர்ப் பெட்டி பளபளன்னு இருக்குன்னு நம்ம ஆட்டத்தைக் காட்டிக் கொடுக்காதேன்னு கத்தினேன். முடியாதுன்னா முடியாதுதான்னேன். நீ பகடையைப் பொறுக்கிப் பெட்டியில போட்டு மூடினே. அடுத்த மூணு ஞாயிறும் நான் வரலை. புள்ளைக்கு ஜுரம்னு பொய் சொல்லி அனுப்பினேன். நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை உன் ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்துச்சு. உன்கிட்ட கடைசியா நான் பேசின பேச்சு அதுதான்ணே. முடியாதுன்னா முடியாதுதான்.

காரியம் முடிஞ்சு நஜீர் வீட்டுக்கு வந்தார். மௌத்தாகிப் போயிட்டவனுக்கு நாம செய்யக்கூடியது இது ஒண்ணுதான், அவன் புஸ்தகத்தை வெச்சு அவன் விதிப்படி ஒரு ஆட்டம் ஆடுவோம்னார். புஸ்தகத்தை நான் பிடிக்கணும்னு முடிவாச்சு. எனக்குத்தான் பிரெஞ்சு தெரியாதே. அதனால நேத்து அதைத் தூக்கிக்கிட்டு, டவுன்ல பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கிற மார்கரெத் டீச்சர்கிட்ட போனேன். வாடைக்காத்து விதி எந்தப் பக்கத்துல இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, குறிச்சுக்கறேன்னேன்.

அவங்க முன்னேயும் பின்னேயும் புரட்டினாங்க. காத்துன்னு ஒரு வார்த்தையே காணோமேம்மான்னாங்க. சரி, விழுந்தவன் எழுந்திருக்கிற விதியைப் பாருங்கன்னேன். அதைக் கண்டுபிடிச்சு வாசிச்சுத் தமிழ்ல சொன்னாங்க. உயிர்ப்புள்ளி தீர்ந்தா அந்த ஆள் இறந்தார், வேறொருவரை உருவாக்கிக்கொள்ளவும். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். மூணாவது தடவையும் சொன்னேன். அதேதான். சிங்கப்பூர்ப் புஸ்தகக்காரன் எதையும் பாழாக்கலைண்ணே. அங்கங்க நாலு கணக்கைத்தான் மாத்தியிருக்கான். நாங்க கட்டிக்கிட்டு அழுத பழசு அந்தப் புஸ்தகத்துல எந்தக் காலத்துலயும் இருந்ததே இல்லை.

முதல் ரெண்டு பக்கத்துல உன் பென்சில் எழுத்து இருந்துச்சு. வார்த்தைக்குக் கீழ வார்த்தை, பொடிப்பொடியா, அகராதி பார்த்துத் தமிழ்ல எழுதியிருக்கே. மூணாம் பக்கத்துல ஒரு கேள்விக்குறி. அதுக்குக் கீழ இன்னொண்ணு. அப்புறம் கடைசி அட்டை வரைக்கும் ஒரு கோடு இல்லை.

டீச்சர் என் முகத்தைப் பார்த்துட்டு மெதுவாச் சொன்னாங்க. "பிரான்ஸ் பேப்பர் எது வந்தாலும் உங்க அண்ணன் என்கிட்டதாம்மா கொண்டாருவாரு. நான்தான் படிச்சுச் சொல்லுவேன். இந்தப் புஸ்தகத்தை மட்டும் அவரு காட்டினதே இல்லை."

எப்படி வீடு வந்து சேர்ந்தேன்னு தெரியாது. வாசல்ல வந்து பார்த்தா கால்ல டீச்சரோட செருப்பு.

மூணாங்கிளாஸோட உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல மாத்தினது வீட்டுல எல்லாருக்கும் தெரியும். படிச்ச மட்டும் போதும், பட்டாளத்துக்காரர் பையனுக்கு மிச்சம் தானா வந்துடும்னு நாங்கதான் நினைச்சுக்கிட்டோம். அந்த முதல் ஞாயித்துக்கிழமை மூணு பேரும் வாயைப் பிளந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கோம், தெரியலைன்னு எப்படிச் சொல்லுவே? அது புரியுது. ஆனா டீச்சர்கிட்ட காட்டியிருக்கலாமே, ஏன் காட்டலை? அதுக்குள்ள உன் விதி உனக்கே பிடிச்சுப் போச்சா? நான் மருத்துவச்சின்னு சொன்ன அன்னிக்குத்தான் அந்த எழுந்திருக்கிற விதியை எடுத்து விட்டியா? எனக்காகவா?

இன்னொண்ணு இப்பத்தான் உறைக்குது. ஏழு வருஷத்துல உனக்குன்னு ஒரு வேஷம் இருந்ததில்லை. உனக்காக நீ ஒரு தடவைகூடப் பகடையை உருட்டினதில்லை. எங்களுக்காக வாராவாரம் ஒரு உலகத்தைக் கட்டி, அதை யாரோ பிரெஞ்சுக்காரன் பேர்ல எழுதி வெச்சே. களைச்சுப் போயி, உட்காரட்டுமான்னு ஒரே ஒரு தடவை கேட்டே. பழசை விடமாட்டேன்னு உன் மேலேயே பாய்ஞ்சேனே, பாவி நான்.

இன்னிக்கு மத்தியானம் நஜீரும் வந்தார். ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டேன். உன் மச்சானுக்கு நிஜமாவே கோவம் வந்துடுச்சு. வாடைக்காத்துக்குப் பயந்து எத்தனை ஞாயிறு கரையிலேயே உட்கார்ந்திருந்தோம், கூடவே இருந்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலையேன்னு எழுந்து கொல்லைப்பக்கம் போயிட்டார். திரும்பி வந்தப்ப முகத்தைக் கழுவியிருந்தார். நஜீர் அந்த ரெண்டு பக்கப் பென்சில் எழுத்தையே பார்த்துக்கிட்டு இருந்தார். பரவாயில்லைம்மா, பிரெஞ்சுக்காரன் போறான், சிங்காரவேலு சொன்ன விதியை நாம ஞாபகத்துலேர்ந்து எழுதி அதையே ஆடுவோம்னார். உன் மச்சானும் அதுக்குச் சரின்னார்.

நான்தான் ஒத்துக்கலை. அண்ணன் சொன்னது அண்ணன் வாயில வந்தாத்தான் விதி, நான் சொன்னா ஒப்பிக்கிற மாதிரி இருக்கும்னேன். அதை நோட்டுல எழுதி வைப்போம், ஒண்ணு விடாம. ஆனா அண்ணன் கேட்டது அது இல்லைன்னேன்.

"புதுசுல செத்தா செத்ததுதான் சரோஜா, எழுப்ப முடியாது"ன்னார் உன் மச்சான்.

தெரியும்னேன். நஜீர் பழைய புஸ்தகத்தை மூடி அட்டைப்பெட்டியில வெச்சார்.

வர்ற ஞாயித்துக்கிழமை சிங்கப்பூர்ப் புஸ்தகத்தை நான் பிடிக்கிறேன். தெரியாத இடத்துல தெரியலைன்னு சொல்லிடுவேன், அது சத்தியம். அவங்க ரெண்டு பேர் பக்கத்துல உனக்கும் சேர்த்துப் பாய் விரிக்கிறேன். எந்த வேஷம் எடுத்துக்கறதா இருந்தே, அதையாவது யார்கிட்டயாவது சொன்னியா?

நீ கேட்டு ரெண்டு மாசம் ஆகப் போகுது. அன்னிக்கே சொல்லியிருக்க வேண்டியது, ஒரு நொடிப் பேச்சு.

சரிண்ணே. மாத்திக்கலாம்.

உன் கூடப் பிறந்தவ,
சரோஜா
கோவில்பத்து